மனச்சான்றுக்கு மட்டுமே அஞ்சியவர்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, சோழர் கல்வெட்டுப் பற்றியோ பாளையப்பட்டுகள் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எழுத வந்திருப்பதோ ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மாடு மேய்த்து வயல் உழுது வாழ்ந்த ஒருவரைப் பற்றி. அவர் மன்னரல்லர், அறிஞருமல்லர், ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு மேல் கற்றவருமல்லர். கவிஞர்கள் கூடும் அவையில் இவருக்கு என்ன இடம் என்று கேட்பீராயின், சொல் ஒன்றின் பொருட்டே இவரை அழைத்து வந்தேன் என்பேன். அச்சொல் ‘சாட்சி.’

தமிழ்க் கிறித்தவ வழக்கில், நம்பிக்கைக்காக உயிர் துறந்தோரைக் கத்தோலிக்கர் ‘வேதசாட்சி’ என்றனர். பின்னர் ‘மறைசாட்சி’ என்றனர். சீர்திருத்தத் திருச்சபையார் ‘இரத்தசாட்சி’ என்றனர். மேலைமொழிகளில் இப்பொருளில் வழங்கும் சொல்லின் வேரும் கிரேக்கத்தில் ‘சாட்சி’ என்பதையே குறிக்கும். ஆனால் தமிழில் ஒரு நயம் வாய்த்திருக்கிறது. உள்ளத்துக்குள் இருந்து நம்மைக் கேள்வி கேட்பதையும் நாம் ‘மனச்சாட்சி’ என்றே அழைக்கிறோம். உள்ளே ஒரு சாட்சி; வெளியே ஒரு சாட்சி. உள்ளிருப்பது சொன்னதை வெளியே நின்று சொல்பவர் மறைசாட்சி ஆகிறார். நாட்டாலம் தேவசகாயம்பிள்ளை 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது நம் மண்ணிலேயே இவ்விரு சொற்களும் ஒன்றாயின. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபின் அவரைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே அதிகம் அறியப்படாத மற்றொருவரிடம் செல்கிறேன்.

பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் 1907ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், மேல் ஆஸ்திரியாவில், பவேரிய எல்லையை ஒட்டிய சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் ஊரில் பிறந்தார். தாய் ரோசாலியா பண்ணையில் வேலை செய்த ஏழைப்பெண். மணம் முடிக்கவும் வசதியற்ற வறுமையில் பிறந்த குழந்தையைப் பாட்டியே வளர்த்தார். பெற்ற தந்தை முதல் உலகப் போரில் மடிந்தார். 1917இல் தாய் ஒரு விவசாயியை மணந்தபின், அவர் இச்சிறுவனைத் தம் மகனாக ஏற்றுத் தம் குடும்பப் பெயரையும் தந்தார். அந்த வீட்டில் புத்தகங்கள் இருந்தன. படிக்கும் பழக்கம் அங்கிருந்தே தொற்றிக்கொண்டது. படிக்காதவன் தன் காலில் நிற்க மாட்டான் என்ற கருத்தைப் பின்னாளில் தம் ஞானமகனுக்கு அவர் எழுதினார். இதைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. சொன்னவர் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை!

இளமையில் அவர் துறவி போல் வாழ்ந்தார் என்று எண்ணிவிட வேண்டா. எய்சனெர்ட்ஸ் என்னும் ஊரின் இரும்புச் சுரங்கத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தார். அங்குக் கோயிலையும் சிறிது மறந்தார். ஊரிலேயே முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தாம். மணமாகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். வரலாறு எழுதுவோர் இவற்றை மறைக்காமல் விட்டதற்காக நான் மகிழ்கிறேன். குறையே இல்லாதவர் ஒருவர் அஞ்சாமல் நின்றார் என்றால் நமக்கு அதில் பங்கில்லை. நம்மைப் போன்ற ஒருவர் நின்றார் என்றால்தான் நெஞ்சு அதிர்கிறது.

1936ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்கா என்னும் பெண்ணை மணந்தார். மணமக்கள் உரோமைக்குப் பயணம் சென்று திரும்பினர். அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். கணவரின் இறைப்பற்று மனைவியால் ஆழம் பெற்றது என்று ஊர் பேசியது. பின்னர் அதே பேச்சே அப்பெண்ணுக்குப் பழியாகவும் வந்தது.

1938 சனவரியில் அவர் ஒரு கனவு கண்டார். மலையைச் சுற்றி அழகிய இரயில் வண்டி ஒன்று வருகிறது. பெரியவர்களும் சிறுவர்களும் ஏறிக்கொள்ள ஓடுகிறார்கள். இந்த வண்டி நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் கேட்கிறது. அவ்வண்டியை அவர் நாசி இயக்கம் என்று கண்டார். இரண்டு திங்கள் கழித்து ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் பொது வாக்கெடுப்பு. நாட்டின் ஆயர்களே ‘ஆம்’ என்று வாக்களிப்பதை ஆதரித்து அறிக்கை விடுத்திருந்தனர். ராடெகுண்ட் ஊரில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் யேகர்ஸ்டேட்டர் ஒருவரே. அந்த ஒற்றை வாக்கு மேலிடத்துக்குப் போகவில்லை. ஊர் முழுவதும் நூற்றுக்கு நூறு ‘ஆம்’ என்றதாகவே கணக்கு அனுப்பப்பட்டது. அது அவரைக் காக்கும் எண்ணத்தாலும் இருக்கலாம், ஊரைக் காக்கும் எண்ணத்தாலும் இருக்கலாம். எப்படியாயினும் அவர் சொன்ன முதல் ‘இல்லை’ ஏட்டில் ஏறவேயில்லை.

1940இல் படைக்கு அழைக்கப்பட்டபோது அவர் சென்றார், உறுதிமொழியும் எடுத்தார், பயிற்சியும் பெற்றார். இதனைக் குறைத்துச் சொல்லி வாழ்க்கை வரலாற்றை மெருகிட வேண்டியதில்லை. ஊர்த்தலைவரின் பரிந்துரையால், பண்ணைக்கு இன்றியமையாதவர் என்று 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். அந்தப் பயிற்சிக் காலமே அவர் கண்ணைத் திறந்தது. மனநலம் குன்றியோரையும் உடற்குறையுள்ளோரையும் அரசே கொன்று வருகிறது என்ற செய்தி அவர் செவிக்கு எட்டியிருந்தது. லின்ஸ் நகரை அடுத்த ஹார்ட்ஹைம் மாளிகையில் அக்கொலைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. இனி அழைப்பு வந்தால் போவதில்லை என்ற முடிவோடு அவர் ஊருக்கு வந்தார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் செய்த வேலைதான் நம் போன்றோர் ஊன்றி நோக்கத்தக்கது. பகலில் உழவு, ஊர்க் கோயிலில் பணியாள் தொண்டு, இரவில் சாதாரணக் குறிப்பேடுகளில் எழுத்து. யாரும் அச்சிடப் போவதில்லை என்று தெரிந்தும் எழுதினார். எழுத்துப் பிழைகள் மலிந்த, அணி ஏதும் இல்லாத உரைநடை. பெரும்பாலும் கேள்விகளாகவே செல்லும். போல்செவிக் கொள்கையை எதிர்த்தே உருசியாவில் போர் என்கிறார்களே, நம்மைக் கவர்ந்தது அங்குள்ள கனிமங்களும் எண்ணெய்க் கிணறுகளும் நெல் விளையும் நிலத்தை ஒத்த அந்தத் தானிய வயல்களும் அல்லவா என்று கேட்டார். பிறர் நாட்டைப் பறிக்கப் புறப்பட்டுவிட்டு அதனைத் தாய்நாட்டுக் காவல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். எல்லாப் பொறுப்பையும் தலைவன் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டுத் தொண்டன் குற்றமற்றவனாக இருக்க முடியுமா என்று கேட்டார். நாசி அரசு தந்த குடும்ப உதவித்தொகையையும் அவர் வாங்கவில்லை. வாங்கினால் கை நீட்டியதாகும். கை நீட்டியபின் வாய் எப்படித் திறக்கும்?

இனி அவரைச் சூழ்ந்த நெருக்கடியைப் பார்ப்போம். பகைவர் நெருக்குவதைத் தாங்கிக்கொள்ளலாம். அன்புடையோர் நெருக்குவதைத் தாங்குவதே அரிது. தாய் அழுதார், உறவினரைக் கூட்டி வந்து சொல்லச் சொன்னார். அண்டை வீட்டார், இது குடும்பத்தைக் கொல்லும் பிடிவாதம் என்றனர். ஊர்ப் பங்குக் குருவானவர் நாசிகளை எதிர்த்துப் பேசியதற்காக முன்பே கைது செய்யப்பட்டு அகற்றப்பட்டிருந்தார். அவருக்குப் பின் வந்த இளங்குருவும் உயிரைக் காத்துக்கொள்ளுமாறே அறிவுறுத்தினார். கடைசியாக லின்ஸ் மறைமாவட்ட ஆயர் ஃபிளீசரிடம் சென்றார். பிரான்சிஸ்கா உடன் சென்றார்; ஆனால் உள்ளே போகாமல் அடுத்த அறையில் காத்திருந்தார். அரசின் செயலுக்கு ஒரு குடிமகன் பொறுப்பல்லன், உன் கடமை உன் குடும்பத்திடம் இருக்கிறது என்பதே ஆயரின் அறிவுரை. வெளியே வந்த கணவரின் முகம் மிகவும் வாடியிருந்ததாகவும், அவர்களுக்கும் துணிவில்லை, பேசினால் தங்களுக்கும் அதே கதி என்று அஞ்சுகிறார்கள் என அவர் சொன்னதாகவும் பிரான்சிஸ்கா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தம்மை உளவு பார்க்க வந்தவன் என்று ஆயர் ஐயுற்றிருக்கலாம் என்றும் யேகர்ஸ்டேட்டர் எண்ணினார். ஆயினும் குருக்களையும் ஆயர்களையும் பழிக்கக் கூடாது, அவர்களும் தசையும் குருதியும் கொண்ட மனிதர்களே என்று அவர் தம் குறிப்பில் எழுதிவைத்தார். அவருடைய துணிவைக் காட்டிலும் இந்தக் கனிவே என்னை மிகுதியும் வியக்க வைக்கிறது.

எண்ணிப் பாருங்கள். அரசு ஒரு பக்கம். ஊர் ஒரு பக்கம். தாய் ஒரு பக்கம். எந்தத் திருச்சபையின் போதனையை நம்பி அவர் மறுத்தாரோ அதே திருச்சபையின் ஆயரும் எதிர்ப்பக்கம். பெரியபுராணத்தில் பல்லவ மன்னனின் அழைப்பை மறுத்த நாவுக்கரசருக்குத் திலகவதியாரின் துணை இருந்தது. அடியார் கூட்டமும் இருந்தது. இந்த உழவருக்குத் துணை நின்ற மனிதர் ஒருவரே.

அவர் பிரான்சிஸ்கா. தொடக்கத்தில் அவரும் கணவரைத் தடுக்கவே முயன்றார். பின்னர், எல்லாரும் அவருக்கு எதிராக நிற்கையில் நானும் எதிராக நின்றால் அவருக்கு யாருமே இல்லாமற் போய்விடுவார்கள் என்று உணர்ந்து அடங்கினார். இதை ஏற்பு என்பதா, துறவு என்பதா? எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கணவரின் மறுப்புக்கு ஒரு நாள் விலை. மனைவியின் உடன்பாட்டுக்கு எழுபது ஆண்டு விலை. வீரத்தைப் பாடுகிறவர்கள் அந்த எழுபது ஆண்டுகளை எண்ணுவதில்லை.

1943 பெப்ரவரியில் மூன்றாம் முறையாக அழைப்பாணை வந்தது. மார்ச்சு முதல் நாள் என்ஸ் படைமுகாமுக்குச் சென்று, ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அறிவித்தார். ஓடி ஒளியவில்லை, ஒளிந்தால் குடும்பத்தைப் பழிவாங்குவர் என்பது அவர் கருத்து. லின்ஸ் நகரில் சிறை. அங்கிருந்தபோது, காயம்பட்டோருக்கு மருத்துவத் தொண்டு செய்ய ஆயத்தமாக இருப்பதாகத் தெரிவித்தார். அதனைப் படைத்துறை பொருட்படுத்தவில்லை. மே மாதத்தில் பெர்லின் தேகல் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இறையியல் அறிஞர் போன்ஹோஃபரும் அதே மாதங்களில் அதே சிறையில்தான் இருந்தார். இருவரும் சந்தித்ததற்குச் சான்றில்லை. சுவருக்கு அப்பாலும் இப்பாலுமாக ஓர் அறிஞரும் ஓர் உழவரும் ஒரே கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தனர். ஒருவர் எழுத்தை உலகம் விரைவில் படித்தது, மற்றவர் எழுத்து நெடுங்காலம் ஒரு பண்ணை வீட்டில் கிடந்தது.

சூலை 6ஆம் நாள் பேரரசின் போர் நீதிமன்றம், படையின் போராற்றலைக் குலைத்த குற்றத்துக்காக அவருக்கு மரண தண்டனை விதித்தது. அத்துடன் குடியுரிமை மதிப்பையும் ‘படையில் பணியாற்றும் தகுதியையும்’ பறித்தது. படைக்கு வரமாட்டேன் என்றவனிடமிருந்து படைக்கு வரும் தகுதியைப் பறித்த தீர்ப்பைப் பார்த்து அந்த உழவர் சிரித்தாரா என்பது பதிவாகவில்லை. சில நாள் கழித்து மனைவியும் ஊர்க் குருவானவரும் பெர்லினுக்கு வந்தனர். இருபது நிமிடச் சந்திப்பு. குருவானவர் மீண்டும் ஒருமுறை மனத்தை மாற்ற முயன்றார், இயலவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கண்டது அதுவே கடைசி.

சிறைக் குருவானவர் கிராய்ட்ஸ்பெர்க் அவருக்கு ஒரு செய்தி சொன்னார். ஹிட்லர் பெயரால் உறுதிமொழி எடுக்க மறுத்த ரெய்னிஷ் என்னும் ஆஸ்திரியக் குரு ஒருவர் முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தலை வெட்டப்பட்டார் என்பதே அது. அதைக் கேட்டதும் யேகர்ஸ்டேட்டர் பெரும் ஆறுதல் கொண்டார். ஒரு குருவானவரே இவ்வாறு முடிவெடுத்தார் என்றால் நான் சென்ற வழி தவறாக இருக்க முடியாது என்று நிம்மதியுற்றார். உறுதி படைத்தவர் உள்ளத்திலும் அதுவரை ஐயம் அறுத்துக்கொண்டே இருந்தது என்பதை இந்த நிம்மதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘நான் ஒருவன் மட்டும் சரி, மற்ற அனைவரும் தவறு’ என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓர் அறைக்குள் இருந்து பார்த்தவர்க்கே அதன் பாரம் விளங்கும். நேர்மைக்காக ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: அக்காலத்தில் போரை மறுத்து மாண்டவர்களில் பெரும்பாலோர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறிய சமயக் குழுவினர். கத்தோலிக்கரில் அவ்வாறு மறுத்தோர் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே.

1943 ஆகஸ்டு 9ஆம் நாள் பிராண்டன்பர்க் நகரில் மாலை நான்கு மணிக்குத் தலைவெட்டும் பொறியில் அவர் கொல்லப்பட்டார். வயது முப்பத்தாறு. மூத்த மகளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல். பத்தாண்டுகளுக்கு முன், நான் அப்போது பணிபுரிந்த இடத்தில், உடன் பணியாற்றிய ஒருவர்மீது குற்றம் சாட்டும் மடல் ஒன்று கையொப்பத்துக்காகச் சுற்றி வந்தது. அதிலிருந்தது உண்மையன்று என்று எனக்குத் தெரியும். பணி நிரந்தரமாகாத காலம். வீட்டில் சிறு குழந்தை. எனக்கு முன் பதினொருவர் கையொப்பம் இட்டிருந்தனர். நான் பன்னிரண்டாவது. எவரும் என்னை மிரட்டவில்லை. “எல்லோரும் போட்டுவிட்டார்கள், அம்மா” என்று மட்டுமே சொன்னார்கள். அந்த அம்மையார் வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டார். பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டு நலம் விசாரித்தார். யேகர்ஸ்டேட்டரைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆகவே இக்கட்டுரையை எழுதத் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பினால் அது நியாயமான கேள்வியே.

அவர் மறைந்தபின் நடந்தவை அவர் மறைவைக் காட்டிலும் பாடம் மிக்கவை. போர் முடிந்து நாசி அரசு வீழ்ந்தது. அவர் சொன்னதே உண்மை என்று தெரிந்தபின் ஊர் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டுமல்லவா? 1946இல் அவருடைய சாம்பல் ஊருக்குக் கொண்டுவரப்பட்டுக் கோயில் சுவரோரம் அடக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டில் மறைமாவட்ட இதழில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட முயன்றபோது அதே ஆயர் அனுமதி மறுத்தார். கடமை என்று நம்பிப் போரிட்டு மாண்ட இளைஞர்களே சிறந்த வீரர்கள் என்பது அவர் கூறிய காரணம். இதிலுள்ள உளவியல் தெளிவானது. ஊரில் வீட்டுக்கு வீடு மகனையோ கணவனையோ இழந்திருந்தனர். ஒருவர் மறுத்தது சரியென்றால், மற்றவர் சென்றது என்ன? அந்தக் கேள்வியைத் தாங்க எவரும் ஆயத்தமாக இல்லை. கைம்பெண்ணுக்கு உரிய உதவித்தொகையும் பிரான்சிஸ்காவுக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. கணவர் நாட்டுக்காகப் போரிட்டு மாளவில்லையாம்.

கார்டன் சான் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர், ஹிட்லரின் போர்களுக்குச் செருமானியக் கத்தோலிக்கர் அளித்த ஆதரவை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கிராய்ட்ஸ்பெர்க் எழுதிய நூலில் இவ்வுழவரைப் பற்றிய குறிப்பைக் கண்டார். சானும் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். ராடெகுண்டுக்கே சென்று ஊராரைப் பேட்டி கண்டு 1964இல் அவர் வெளியிட்ட நூலே யேகர்ஸ்டேட்டரை உலகறியச் செய்தது. அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்முன் 1965இல் இவ்வுழவரின் பெயரை முன்வைத்தவர் தாமஸ் இராபர்ட்ஸ். 1937 முதல் 1950 வரை நம் பம்பாயின் பேராயராக இருந்தவர். மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடம் தர வேண்டும் என்ற கருத்து அச்சங்கத்தின் ஏட்டில் இடம்பெற்றது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கியது. 2019இல் அமெரிக்க இயக்குநர் தெரன்சு மாலிக் அவர் வாழ்வைத் திரைப்படமாக்கினார். படத்தில் மலைகள் சற்று மிகையான அழகோடு இருக்கின்றன என்பது என் கருத்து. சாணமும் சேறும் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

தமிழாசிரியை என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. நம் புறத்திணையில் போருக்கு எத்தனை துறைகள்! நிரை கவர்வதற்குத் துறை உண்டு. மதில் முற்றுவதற்கு உண்டு. ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாய்க்கு உண்டு. புண்ணோடு கிடப்பவனைக் காக்கும் மனைவிக்கும் உண்டு. வேந்தரை இடைமறித்துப் போர் தவிர்க்கச் சொல்லும் புலவர்க்குத் துணைவஞ்சி உண்டு. மலையமான் மக்களை யானைக்காலில் இடவிருந்த கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் தடுத்தது அத்துறையில்தான். ஆனால் அங்கும் பேசுகிறவர் அவையில் இடம்பெற்ற புலவர். படைக்கு அழைக்கப்பட்ட சாதாரண உழவன் ஒருவன், ‘இந்தப் போர் அறமன்று, நான் வரமாட்டேன்’ என்று நிற்பதற்கு, நான் அறிந்தவரை, நம் இலக்கணத்தில் ஒரு துறை இல்லை. அவனுக்குப் பின் ஏர் பிடித்து மூன்று பெண்களை வளர்க்கும் மனைவிக்கும் இல்லை. கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தில் இக்குறையை யாரேனும் தீர்க்கலாம். துறைப்பெயரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2007ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் லின்ஸ் நகரத்துப் பேராலயத்தில் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் அருளாளராக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டில் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட மடல்கள் முழுமையாக நூலாயின. விதை நெல் போன்று அவற்றைக் காத்து வைத்திருந்த பிரான்சிஸ்காவுக்கு அப்போது வயது தொண்ணூற்று நான்கு. ஆயர் இல்லத்தில் அடுத்த அறையில் காத்திருந்த பெண், இம்முறை அதே மறைமாவட்டத்தின் பேராலயத்துக்குள் அமர்ந்திருந்தார். நூறு வயது நிறைந்து சில நாள்களில், 2013 மார்ச்சு 16ஆம் நாள், அவர் காலமானார்.